பத்தொன்பது இடங்களில் இரண்டு நிறம்

பென்சிலின் மழுங்கிய முனையைக் கணினித் திரையில் ஊன்றி, மரபணு வரிசையை எழுத்து எழுத்தாகப் படித்து நகர்த்திக்கொண்டே போவாள் சோபியா. பக்கத்திலேயே மவுஸ் சும்மா கிடக்கும். "மவுஸப் புடிச்சா கண்ணு முன்னாடி ஓடிருது. பென்சிலுன்னா நின்னு பாக்கும்" என்பாள்.

வயது நாற்பத்திரண்டு. புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகத் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். ஆவூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வகுப்புகள் முடிந்த பிறகுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு தொடங்கும். வழிகாட்டி கவியரசன் அவளைவிட ஏழு வயது இளையவர். கோபம் வந்தால் சோபியா பேசமாட்டாள். கைக்குட்டையை நான்காக, எட்டாக மடிப்பாள்.

ஆய்வு, கீரமங்கலத்து எலுமிச்சை மரங்களைப் பற்றியது. சில மரபணுக்கள் ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கான நகல்களாக வரிசைகட்டி நிற்பவை. அவற்றைப் பற்றி மாணவர்களிடம் இப்படிச் சொல்வாள்: "தனியா ஒண்ணு மட்டும் மாறி ரொம்ப நாளு நிக்காது. தலைமுறை போகப்போக, ஒண்ணு மாறுனா எல்லாம் சேந்து மாறும், இல்லைன்னா அந்த மாத்தமே அழிஞ்சுபோகும். அதான் ஒரு மரத்துல எந்த நகலைப் படிச்சாலும் ஒண்ணு போலவே இருக்கு."

அவள் இலை பறித்து வந்த தோட்டங்களில், மருதாயி என்பவளின் தோட்டத்துக் கிணற்றடி மரம் மட்டும் அப்படி இல்லை. எழுத்துக்கு ஒரு நிறம் வரவேண்டிய வரைபடத்தில், பத்தொன்பது இடங்களில் இரண்டு நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. சோதனையைத் திரும்பச் செய்தாள். அதேதான்.

"ரெண்டு மரத்து எலை கலந்துருச்சு மேடம்" என்றார் கவியரசன். "இத விட்டுட்டு எழுதுங்க. ஜூன்ல தீசிஸ் குடுக்குற டைம் முடியுது."

சோபியா கைக்குட்டையை மடித்தாள். சனிக்கிழமை கீரமங்கலம் பஸ் ஏறினாள்.

"இன்னமும் எலைதானா டீச்சர்? காயையும் பறிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள் மருதாயி. "தோலு நார்த்தை கணக்கா தடியா இருக்கு. சந்தையில எவனும் சீந்த மாட்டேங்குறான். வாற வாரம் வெட்டப்போறோம்."

"கன்னு எங்கிட்டு வாங்குனீங்க?"

"யாரு வாங்குனா? எலுமிச்சைக்கடியில தானா மொளைச்சது. அங்கிட்டு ஒரு நார்த்தை நின்னுச்சு. புயல்ல சாஞ்சுருச்சு."

சோபியா நார்த்தை நின்ற இடத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொல்ற வரைக்கும் வெட்டாதீங்கக்கா."

திங்களன்று ஆய்வகத்தில் வேறு எந்த மாதிரியையும் அவள் வெளியே எடுக்கவில்லை. கிணற்றடி மரத்தின் ஒரே ஓர் இலை. அதிலிருந்த நகல்களைத் தனித்தனியே பிரித்து, இருபத்துநான்கைப் படிக்க அனுப்பினாள். நாலு நாளைக்கு ஒருமுறை மருதாயிக்குப் போன் செய்து, மரம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. பதின்மூன்று நகல்கள் எலுமிச்சையுடையவை. பதினொன்று நார்த்தையுடையவை.

கவியரசன் இரண்டு முறை பார்த்தார். "அப்ப கலந்தது நம்ம கையில இல்ல. மரத்துலயே கலந்திருக்கு."

"ஆமா சார். மொதத் தலைமுறை. ரெண்டும் ஒண்ணாகுறதுக்கு இன்னும் நாளு பத்தல."

"சாரி மேடம். தீசிஸ்ல இதத்தான் முன்னால வைக்கணும். மொத்தத்தையும் திருப்பி எழுதணும், இன்னொரு வருஷம் ஆகும். நானே எக்ஸ்டென்ஷனுக்கு லெட்டர் தாரேன்."

"எழுதிரலாம் சார்" என்றாள் சோபியா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பகலெல்லாம் வகுப்பில் நின்று கடுத்த கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் மெல்ல அமுக்கிவிடத் தொடங்கினாள்.