வெயிலில் இறக்கிய காற்று

இந்த ஆஸ்திரேலியப் பொட்டல்வெளியில் நடுச்சாலையை அடைத்து நின்றாலும் ஹாரன் அடித்துத் திட்ட ஆள் கிடையாது. அன்றைக்கு யாராவது திட்டமாட்டார்களா என்று ஏங்கினேன். காரின் பின்னால் இழுத்துவந்த காரவன், அதுதான் அப்போது எங்கள் வீடு, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்து தொங்கியது. அங்கே பஞ்சர் ஒட்டவும் முடியாது. மறுநாள் காலை வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் வேலையோடு விசாவும் போய்விடும்.

"கெளம்புறப்பவே டயரப் பாருங்கன்னு சொன்னேன்ல?" என்றாள் என் மனைவி செல்வி.

பார்த்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். மதியம் டீ குடிக்க நிறுத்தியபோது டயரைத் தொட்டேன்; சுட்டது. வெடித்துவிடுமோ என்று பயந்து காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். போதாக்குறைக்கு ஸ்டெப்னியிலும் இறக்கினேன்; இப்போது அதை மாட்டி ஓட்டவும் வழியில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். வெயிலில் நிற்கும் சைக்கிளுக்கே காற்றை இறக்கிவிடுவோம். அப்பா குத்தகைக்கு உழுதவர். நிலக்காரர் வெளியேறச் சொன்ன வருடம், அவருடைய ஆட்கள் மறிப்பதற்குள் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. உச்சி வெயில். இரவல் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றியதும் அப்பா குனிந்து டிரெய்லர் டயரில் காற்றை இறக்கினார். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. நெல் தப்பியது, நிலம் தப்பவில்லை. ஆட்சி மாறியது, சுவரெழுத்தின் நிறம் மாறியது, மேடைக்கு மேடை குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு என்று பேசினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் ஒரு பண்ணைக்காரர் தன் பிக்கப் வண்டியை நிறுத்தினார். ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்து, "யார் காற்றை இறக்கியது?" என்றார்.

"நான்தான். சூடாக இருந்தது."

அவர் நம்பவில்லை. உங்களை யாராவது மிரட்டுகிறார்களா, போலீஸைக் கூப்பிடவா என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஊரில் அந்த வருடம் யாருமே கேட்காத கேள்வி.

அவருடைய கம்ப்ரஸரால் ஸ்டெப்னியில் காற்று நிரப்பி மாட்டிக்கொண்டு விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். வேலை தப்பியது. காரவன் கதவோரத் தகட்டில் எல்லாம் எழுதியிருந்தது: புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே இந்த அளவு நிரப்ப வேண்டும், ஓட்டத்தில் அழுத்தம் ஏறினால் இறக்கக் கூடாது. காற்று குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி, வேகத்தில் இன்னும் சூடேறிக் கிழியும்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"காத்த எறக்கலையாடா?"

"எறக்குனேம்ப்பா."

"அப்பறம் எப்படி வெடிக்கும்?"

இப்போதெல்லாம் அதிகாலையில் அளவு பார்த்துத்தான் கிளம்புகிறேன். மதியம் நிறுத்தி டயரைத் தொட்டால் சுடத்தான் செய்கிறது. காற்றை இறக்காமல் ஏறி உட்காருகிறேன். ஆனால் அடுத்த ஊர் வரும்வரை, அது வெடிக்கிற சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கிறது.