காயும்வரை கை வைக்காதே

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘கைவைக்காதே’. சுருட்டை முடிக்காரர்களுக்கென்றே அவள் நடத்தும் ஒற்றை நாற்காலி பார்லருக்குப் போய் வந்தவர்கள் வைத்த பெயர். ஈரத்தலையில் ஜெல்லைப் பூசி, கீழிருந்து மேலாகக் கையில் ஏந்திக் கசக்கிவிட்டால், முடி கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி விறைத்துக்கொள்ளும். முழுசாகக் காய்ந்த பிறகு இன்னொரு முறை மெல்லக் கசக்கினால்தான் அந்த விறைப்பு உடைந்து சுருள் சுருளாக விழும். நடுவில் தொட்டால் போச்சு, எல்லாம் பரட்டை. அதனால் யாருடைய கை தலைப்பக்கம் போனாலும் சீப்பாலேயே ஒரு தட்டு வைப்பாள். ஆள் தராதரமெல்லாம் பார்க்க மாட்டாள்.

அன்று காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய சொந்த அக்கா. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் மொத்தமாகக் கொட்டிப்போன முடி, இப்போது சுருட்டையாக முளைத்திருந்தது. பிறவியிலேயே கோரை முடிக்காரி. தங்கையின் சுருட்டைத் தலையைக் கேலி பண்ணியே வளர்ந்தவள். நீண்ட விடுப்பு முடிந்து அன்றுதான் வங்கி வேலைக்குத் திரும்பவேண்டும்.

“இது என் தலையே இல்லடி. ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிவிடு. இல்லன்னா துணியக் கட்டிக்கிட்டுத்தான் போவேன்.”

“இப்பத்தான் முளைச்ச முடிக்கா, அதெல்லாம் தாங்காது. ஒரே ஒரு தடவ என் பேச்சக் கேளு. பிடிக்கலன்னா கட்டிக்கோ.”

அக்கா முணுமுணுத்துக்கொண்டே தலையைக் கொடுத்தாள். ஜெல் பூசும்போதே தங்கைக்குப் பழைய நினைப்பு வந்தது. மருந்து ஏற்றிய நாட்களில் அக்காவின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து வந்தது இதே கைகளில்தானே! முடி பாதி காய்ந்திருக்கும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. வேர் பிடித்திருக்கிறதா என்று இடப்பக்கத்தில் ஒரு சுருளை லேசாக இழுத்துப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துச் சுருளை. அப்புறம் இன்னொன்றை. ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொல்கிறவள்!

காய்ந்து முடிந்தபோது வலப்பக்கம் கண் படும்படி அத்தனை அழகு. இடப்பக்கம் பரட்டை.

“நானே கெடுத்துட்டேன்க்கா. வேர் நிக்குதான்னு பயமா இருந்துச்சு,” என்று அழுதேவிட்டாள்.

அக்கா கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். திட்டவில்லை. தங்கையின் கையை எடுத்துத் தன் தலையிலேயே வைத்தாள்.

“பயந்து பயந்து இழுத்தா எப்படிடீ தெரியும்? நல்லா இழு. நான் தினமும் எழுந்ததும் இழுத்துத்தான் பாத்துக்கறேன்.”

இழுத்தாள்.

“ஆ! விடுடி, வலிக்குது,” என்று அக்கா கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கச் சுருளும் ஒரு பக்கப் பரட்டையுமாக அப்படியே வேலைக்குக் கிளம்பினாள்.