அவர் சரிந்த பிறகும் நடந்த ஆட்டம்

சென்ற ஆண்டு ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள் விடுமுறையில் நடந்தது இது. நான் மலேசியாவில், ஜேபி நகருக்குப் பக்கத்தில் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மலிவாக டிக்கெட் கிடைத்ததே என்று, உடன் வேலை செய்யும் இரண்டு தோழிகளோடு அண்டை நாட்டுக் கடற்கரை நகரம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரைத் தவிர நான் பார்த்த முதல் வெளிநாடு அதுதான்.

தங்கிய ஹோட்டலின் கீழ்த்தளத்தில் கேசினோ. மதியம் தோழிகள் துணி வாங்கக் கிளம்பினார்கள். நான் போக்கர் அறையைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் சும்மா ஆடி ஆடி, நமக்கும் இந்த ஆட்டம் வரும் என்று ஒரு நினைப்பு. கடப்பிதழைப் (பாஸ்போர்ட்டைப்) பார்த்து உள்ளே விட்டார்கள்.

ஜன்னலே இல்லாத அறை. குளிர் எலும்பில் இறங்கியது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தலை நிமிராமல், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் வில்லைகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் மட்டும் திரும்பினார்.

"மலேசியாவாம்மா? எந்தப் பக்கம்?"

"ஜேபி, அங்கிள்."

"நான் மூவார். பர்னிச்சர் ஃபேக்டரி வச்சிருக்கேன். மொத தடவையா? சீட்டு நல்லா இல்லன்னா கீழ போட்டுடு, வெக்கப்படாத லா."

அந்த மேசையில் சிரித்த ஒரே முகம் அவருடையதுதான். ஆனால் சிறிது நேரத்தில், அவ்வளவு குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்க்க ஆரம்பித்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"கேஸ்ட்ரிக்மா. காலையில ஒண்ணும் சாப்பிடல. இந்த ரவுண்டு முடியட்டும், எந்திரிச்சிடறேன்."

அந்த ரவுண்டு முடியவில்லை. அவர் முறை வந்தபோது, கையில் இருந்த இரண்டு சீட்டுகளோடு அப்படியே நெற்றியை மேசையில் சாய்த்துவிட்டார். சீட்டுப் போடும் டீலர் பெண் அழைத்துப் பார்த்தாள். பதில் இல்லை. எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த இளைஞன், "டைம்" என்றான்.

அப்படி ஒரு விதி இருக்கிறதாம். ஒருவர் யோசித்துக்கொண்டே இருந்தால் மற்றவர் நேரம் கேட்கலாம். மேற்பார்வையாளர் வந்து எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் பதில் வராவிட்டால் அந்தச் சீட்டு செல்லாது. மேற்பார்வையாளர் வந்தார். மேசையில் கவிழ்ந்து கிடக்கும் மனிதனைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். இதை எழுதும்போதுகூட எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் அங்கிளின் கையைத் தொட்டேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. எண்ணுவதை நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அதற்கு மேற்பார்வையாளர் சொன்னது, "மற்ற ஆட்டக்காரரைத் தொடக்கூடாது, மேடம். உங்கள் இடத்தில் உட்காருங்கள்."

நான் உட்காரவில்லை. தொழிற்சாலையில் எனக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தனியாக அங்கிளை நாற்காலியிலிருந்து இறக்க முடியாமல் திணறினேன். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. மேசையை விட்டு நகரக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருக்கும் டீலர் பெண்தான் ஓடி வந்து கால்களைப் பிடித்தாள். கம்பளத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, மேற்பார்வையாளர் வாக்கிடாக்கியில் ஏதோ பேசினார்.

முதலில் வந்தது டாக்டர் இல்லை. இரண்டு காவலர்கள், மடக்குத் திரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் எங்களைச் சுற்றி அதை நிறுத்தினார்கள். டீலர் பெண்ணை மேசைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம், அவருடைய சீட்டு செல்லுமா செல்லாதா என்று வாக்குவாதம் நடந்தது. பிறகு அதுவும் ஓய்ந்து, சிப்ஸ் உருளும் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அந்தத் திரையை உதைத்துத் தள்ளவேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். மாரடைப்பு, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அவருடைய கைப்பேசியில் மனைவியின் அழைப்பு வந்தபோது நான்தான் எடுத்துப் பேசினேன். மறுநாள் அந்த அம்மா வந்து சேரும்வரை தோழிகளும் நானும் மாறி மாறி மருத்துவமனையில் இருந்தோம்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா என்னை மூவாருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கிள் பாதியாக இளைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நன்றி சொன்னார். அம்மா சமையலறைக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்த ரவுண்டு கடைசியில யாருக்குப் போச்சு? எங்கிட்ட ரெண்டு ராஜா இருந்துச்சும்மா, ஜெயிக்கிற சீட்டு."



"தெரியாது அங்கிள். நான் உங்களத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

நிமிர்ந்தால், வாசற்படியில் தட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. தட்டை என் முன்னால் வைத்து, "சாப்பிடும்மா, ஆறிடும்" என்றார். அந்தக் குரல் என்னை விட்டுப் போகவே இல்லை.

எண்ணிய மேற்பார்வையாளர்மேலும், நேரம் கேட்ட இளைஞன்மேலும் என் கோபம் இன்றும் தணியவில்லை. ஆனால் தன் உயிரைவிடக் கையிலுள்ள சீட்டே பெரிது என்று ஒரு நல்ல மனிதரையே நினைக்கவைத்துவிட்ட அந்த இடத்தை, பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லும்போது, சும்மா கேட்டுக்கொண்டிருக்க இனி என்னால் முடியாது.