கப்பலுக்குப் போன தூள்

செலவுக்காசை எங்கே வைத்துக்கொண்டு போவது என்ற கதை, பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்பே எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. உடுப்பு அடுக்கவில்லை. புதுக் கடவுச்சீட்டுகூட வந்துசேரவில்லை. காசுக்கு மட்டும் வீட்டிலுள்ள எல்லாப் பைகளையும் குசினி மேசையில் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

கனடாவிலிருந்து அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தொலைபேசியில் சொன்னது இதுதான். அவரும் பெரியப்பாவும் சென்னைக்கு வருகிறார்கள். அங்கேயிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டு, ஒரு நாள் முழுக்கக் கடலில் நின்று, எங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள காங்கேசன்துறைக்கு வந்துவிட்டுத் திரும்பிச் சென்னைக்குப் போகிறது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து அவரே ரிக்கெற் எடுத்துவிட்டார். நாங்கள் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தால் போதும். அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று கழன்றுகொண்டார்.

அன்றிரவு எனக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை, ஆனால் காரணம் வேறு.

“ரிக்கெற் அவள் எடுத்தாள், சரி. அங்கை போய் ஒரு தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் அத்தானுக்கு முன்னாலை கையை நீட்டிக்கொண்டு நிக்கிறதோ?” என்றார். “காங்கேசன்துறையிலை இறங்கினால் அது எங்கடை இடம் பிள்ளை. அங்கை அக்கா ஒரு சதம் குடுக்கக் கூடாது. கச்சான் கடலை வாங்கினாலும் நான்தான், சீலை வாங்கினாலும் நான்தான்.”

அதற்கென்றே வெங்காயம் விற்ற காசில் ஒரு பங்கை அம்மா ஒதுக்கி வைத்திருந்தார். அந்தக் காசு தொலைந்தால் பயணம் முழுவதும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு அது கப்பல் தாழ்வதைவிட மோசம்.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. கப்பலில் காசைப் பாதுகாப்பாகக் கொண்டுபோவது எப்படி என்று இணையத்தில் இருந்த காணொளிகளை எல்லாம் பார்த்தேன். வங்கி அட்டை, உடுப்புக்குள் கட்டுகிற இடுப்புப் பை, அறையில் இருக்கிற இரும்புப் பெட்டகம், காசை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் வைப்பது. பண்டத்தரிப்பை விட்டுக் கடல் தாண்டிப் போகாத நான் ஒரு கிழமையில் இந்த விசயத்தில் நிபுணியாகிவிட்டேன். ஒவ்வொன்றாக அம்மாவிடம் கொண்டுபோனேன்.

“அட்டையோ? நடுக்கடலிலை சிக்னல் இல்லாட்டி அது வெறும் பிளாஸ்ரிக் துண்டு.”

“இடுப்புப் பை?”

“சீலைக்கு மேலை துருத்திக்கொண்டு நிக்கும். இஞ்சைதான் காசு கிடக்கு எண்டு கள்ளனுக்குக் கைகாட்டி விடுற மாதிரி.”

“பெட்டகம்?”

இதற்கு அம்மா பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெட்டகத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. விருந்தாளி இலக்கத்தை மறந்துபோனால் கப்பல்காரர் வந்து திறந்து கொடுப்பார்களாம். மறந்தவருக்குத் திறக்கத் தெரிந்தவர்கள் மறக்காதவருக்கும் திறக்கமாட்டார்களா? இதை ஆர்வத்தில் அம்மாவுக்குச் சொல்லித் தொலைத்தேன். அதோடு இரும்புப் பெட்டகமும் போயிற்று.

கடைசியில் அம்மாவே ஓர் இடம் கண்டுபிடித்தார். மில்லில் திரித்துக்கொண்டு வந்த கறித்தூள் ஒரு கிலோ இருந்தது. காசைச் சுருட்டி, பிளாஸ்ரிக் சொப்பின் பையில் சுற்றி, றப்பர் பான்ட் போட்டு, தூளின் நட்டநடுவில் புதைத்தார். மில்காரனிடம் ஒட்டக் கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று, மெழுகுதிரியும் அரிவாள் அலகும் வைத்து வீட்டிலேயே தூள் பையின் வாயை உருக்கி ஒட்டினார்.

“ஆர் கிளறிப் பாக்கப் போறான்? பாத்தாலும் கண் எரிஞ்சு ஓடுவான்.”

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அது பிடித்துப் போயிற்று. எந்தக் காணொளியிலும் இப்படி ஓர் இடம் வரவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் பைகளைச் சோதிக்கிற இடத்தில் எங்கள் பையை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். அதிகாரி பொதியைக் கையில் எடுத்து அமுக்கினார்.

“என்னம்மா இது?”

“தூள்,” என்றார் அம்மா.

அந்த மனிதரின் முகம் மாறியதைப் பார்த்தபின்தான் அந்தச் சொல் வெளியிலே எப்படிக் கேட்கும் என்பது எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற இன்னொருவரும் கிட்ட வந்தார்.

“என்ன தூள்?”

“வறுத்த தூள்.”

“கறித்தூள் சேர்,” என்று நான் குறுக்கே விழுந்தேன். “மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம். சாப்பாட்டுக்கு.”

அவர் பொதியை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அவரும் தும்மினார், பக்கத்தில் நின்றவரும் தும்மினார். “மசாலாதான், போங்கம்மா,” என்று தள்ளிவிட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். உன் காணொளிகளைக் கொண்டுபோய்க் கடலில் போடு என்பது அதன் கருத்து.

அந்தப் பார்வையின் ஆயுள் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எங்களுடைய அறையைப் பார்க்க வந்த பெரியம்மா, திறந்து கிடந்த பையில் பொதியைக் கண்டார்.

“எடியே, தூள் கொண்டந்தனியே?” என்று கேட்டபடி அதை எடுத்து மார்போடு அணைத்தார். “நான் கேக்காமலே கொண்டந்திருக்கிறாள் பாருங்கோ.”

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்குத் தூள் கொடுப்பது எங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டிய காரியமில்லை. மூன்று வேளையும் சாப்பாடு போடுகிற கப்பலுக்கு ஒருத்தி தனக்கென்று ஒரு கிலோ தூள் கொண்டுவருவாளா? பெரியம்மா கணக்குப் போட்டதில் ஒரு பிழையும் இல்லை. அம்மா சிரித்தார். பற்கள் தெரிந்தன, அவ்வளவுதான்.

பெரியம்மா பொதியோடு போய்க் கதவு சாத்தியதும், “கேட்டு வாங்குங்கோவன் அம்மா,” என்றேன்.

“என்னெண்டு கேக்கிறது? உது உனக்கில்லை, எனக்கு எண்டோ? சொந்த அக்காவிட்டைக் குடுத்த தூளைப் பறிச்சவள் எண்டு கனடா முழுக்கக் கதை போகும்.”

அடுத்த நாள் காலையில் பெரியம்மா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. அவ்வளவுதான். முதல்நாள் கட்டிப்பிடித்தவர் இப்போது சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே இருந்து பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அவரிலும் ஒரு விசயம் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாரும் வெறுங்காலோடு திரிகிற நீச்சல் தடாகத்துப் பக்கத்திலும் அவர் சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு இருந்தார். கேட்டால் கால் வலி என்றார்.

அன்று இன்னொன்றும் தெரியவந்தது. அறைக்கதவைத் திறக்கிற அட்டையைக் காட்டி நானும் அம்மாவும் இரண்டு தேத்தண்ணி வாங்கினோம். பரிமாறியவன் காசு கேட்கவில்லை.

“காசு வாங்காமல் தாறவன் பிறகு என்ன கேப்பானோ தெரியாது,” என்றார் அம்மா.

விசாரித்துக்கொண்டு வந்தேன். கப்பலில் கையில் ஒருவரும் காசு வாங்குவதில்லையாம். அட்டையில் எழுதப்படுகிற எல்லாம் அறையைப் பதிவு செய்தவரின் கணக்குக்குப் போகும். அதாவது பெரியம்மாவின் கணக்குக்கு. அம்மா அரைவாசி குடித்த கோப்பையை மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டோடு சும்மா தருகிற தண்ணீரைத் தவிர வேறொன்றையும் அவர் தொடவில்லை.

“அதுதான் முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறாள். தேத்தண்ணிக் கணக்கு அவளுக்குத் தெரிஞ்சிட்டுது.”

“தேத்தண்ணி இப்பத்தானே குடிச்சனாங்கள். அவ விடியவே அப்பிடித்தான் இருந்தவ.”

அப்படியென்றால் காசைக் கண்டிருக்கிறார். அல்லது வேறு யாரோ கண்டு எடுத்துவிட்டார்கள். அறை துப்பரவாக்குகிற பெடியன் துவாயை யானை போல மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அம்மா அந்த யானையை வெகுநேரம் பார்த்தார்.

“துவாயை இப்பிடி மடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு சொப்பின் பையைப் பிரிக்கத் தெரியாதே? அக்காவின்ரை அறையும் இவன்தானே கூட்டுறான்.”

நான் ஒரு தந்திரம் செய்தேன். சாப்பாடு உப்புச்சப்பில்லை, கொஞ்சம் தூள் தாங்கோ என்று பெரியம்மாவின் அறைக்குப் போனேன். பொதியை வாங்கி விரலை விட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அவர் என்னை வாசலிலேயே நிற்க வைத்து, உள்ளே போய், கடதாசிக் குவளை ஒன்றில் இரண்டு கரண்டி தூள் கொண்டுவந்து தந்தார்.

“கொம்மாட்டைச் சொல்லு,” என்றார், “தூள் நல்ல தூள்தான் எண்டு.”

ஆக, பொதி திறந்தாயிற்று. குவளையோடு நான் திரும்பி வந்து சொன்னதும் அம்மா கட்டிலில் இருந்துவிட்டார்.

“அக்கா அப்பிடிப்பட்டவள் இல்லை,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அத்தானைத்தான் எனக்குச் சரியாத் தெரியாது,” என்றார்.

நான் சப்பாத்து விசயத்தைச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். சப்பாத்துக்கும் காசுக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்பதில் ஒற்றுமைப்பட்டோம்.

மூன்றாம் நாள் விடிய, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பாழடைந்த கட்டடங்கள் கப்பலின் கண்ணாடியில் தெரிந்தன. என் சொந்த ஊருக்கு உல்லாசப் பயணியாக வந்திறங்கினேன். துறைமுகத்தில் கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி எங்களுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீடு எங்கை?”

“பண்டத்தரிப்பு.”

“உதிலை இருக்கிற பண்டத்தரிப்போ?”

“ஓம்.”

“பின்னை ஏன் பின்னேரம் திரும்பிக் கப்பலுக்குப் போறியள்?”

நல்ல கேள்வி. விளக்கிச் சொல்லச் சொல்ல அவருக்கு எங்களில் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை.

பெரியம்மா கட்டிய காசில் ஒரு பேருந்து எங்களைக் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்கு ஏற்றிப் போனது. அம்மா ஒதுக்கிய காசெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தான். இப்போது அவருடைய கைப்பையில் ஒரு சீப்பும் திருநீறு மடித்த சரையும் மட்டும் இருந்தன. பேருந்தில் அவர் அந்தப் பையைத் திறந்து திறந்து மூடினார். தெரிந்தவர் யாராவது கண்ணில் பட்டால் கைமாற்று வாங்கலாமா என்று நான் காதுக்குள் கேட்டேன்.

“வாங்கினால் ஏன் எண்டு கேப்பினம். பின்னேரம் ஊர் முழுக்கக் கதை.”

கேணிக்குப் போகிற வழியில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். பெரியப்பா கழற்றவில்லை. மதில் ஓரமாகத் தனியே நின்றுகொண்டார். அம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது.

வரிசையாகக் கடைகள். பெரியம்மா ஒரு கச்சான் கடையில் நின்று கடதாசிச் சுருள்கள் நாலு கேட்டுவிட்டு, கைப்பையைத் திறந்தார். அம்மா பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தார்.

“விடு அக்கா. நான் குடுக்கிறன்.”

“குடு,” என்றார் பெரியம்மா.

அம்மா தன் பையைத் திறந்தார். சீப்பைப் புரட்டினார். திருநீற்றைப் புரட்டினார். கச்சான்காரர் சுருள்களை நீட்டியபடி நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு காசுச் சுருட்டை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அதே சொப்பின் பை, அதே றப்பர் பான்ட், சுற்றிவர மிளகாய்ச் சிவப்பு.

“இதிலை குடு. ரிக்கெற்காசைத் திருப்பித் தாறதெண்டால் முகத்துக்கு நேரை தந்திருக்கலாம். தூளுக்கை வைச்சுத் தாறாய். நான் என்ன, தங்கச்சியைக் கப்பலிலை ஏத்திப்போட்டு அறவிடுறவளே?”

அம்மா சுருட்டை இரண்டு கையாலும் பொத்தினார்.

“அது உனக்குத் தந்ததில்லையடி அக்கா. ஒளிச்சு வைச்சது.”

“ஆரிட்டையிருந்து?”

“எல்லாரிட்டையிருந்தும்.”

“என்னட்டையிருந்துமோ?”

அம்மா கச்சான்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ தூக்கிக்கொண்டு போன பிறகு, ஓம், உன்னட்டையிருந்தும்தான். அத்தானிலையும் ஒரு சமுசயம்.”

பெரியம்மாவின் முகத்தில் இரண்டு நாளாக இருந்த இறுக்கம் எங்கே வழி கிடைக்கும் என்று தேடியதுபோல இருந்தது. பிறகு அவர் திரும்பி மதிலோரம் நின்ற மனிதரைக் கூப்பிட்டார்.

“இஞ்சை வாங்கோ. உங்களிலை சமுசயமாம். சப்பாத்தைக் கழட்டிக் காட்டுங்கோ.”

பெரியப்பா நொண்டிக்கொண்டு வந்தார். “காட்டினால் மணக்கும்,” என்றார். “உங்கடை அக்கா பெட்டகத்தையும் நம்பாள், அட்டையையும் நம்பாள். டொலர் முழுக்க என்ரை காலுறைக்கை. மூண்டு நாளா ஒரே சோடி. கேணியிலை கால் நனைக்கவும் விடமாட்டன் எண்டு நிக்கிறாள்.”

“வங்கி அட்டைதானே குடுத்தனீங்கள் கப்பலுக்கு?” என்று நான் கேட்டேன்.

“அவன் கேட்டான், குடுத்தன். அதுக்காக நம்பினனான் எண்டோ?” என்றார் பெரியம்மா.

அம்மா சுருட்டைப் பிரித்து ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கச்சான்காரரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“என்னக்கா, காசைச் சமைச்சனீங்களோ?”

தும்மி முடித்து, தன்னிடம் மாற்றிய காசு இல்லை என்று சொல்லி, தாளோடு கடைகளின் பின்பக்கமாகப் போய் மறைந்தார். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே மாதிரிக் கழுத்தை நீட்டிய பார்வை.

“உவன் திரும்பி வருவானோ?” என்றார் பெரியம்மா.

“கடையை விட்டுட்டுத்தானே போறான்.”

“கடையிலை என்ன கிடக்கு? கொஞ்சக் கச்சான்.”

அவர் வந்தார். அம்மா மீதிக்காசைக் கச்சான் கூடைக்கு மேலேயே எண்ணினார். பெரியம்மாவும் பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு சீலைக்கடைக்குப் போனோம், அங்கேயும் அம்மாதான் கொடுத்தார். பெரியம்மா ஒருதரம்கூடக் கைப்பையைத் தொடவில்லை.

கேணியில் குளிக்கப் போகும்போது காசை யாரிடம் விடுவது என்ற கதை வந்தது. நான் வாய் திறக்க முன்னரே அம்மா சுருட்டைப் பெரியம்மாவின் கையில் திணித்தார். நீ முதலில் குளி, நான் கரையில் இருக்கிறேன் என்று பெரியம்மா அதை இடுப்பில் செருகினார்.

அம்மா இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

“அக்கா, எண்ணிப்போட்டு வைச்சிரு.”

“எண்ணிப்போட்டன்,” என்றார் பெரியம்மா. “முந்தநாளே எண்ணிப்போட்டன்.”