ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஊர்

யாழ்ப்பாணம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, பெரிய பலகை மாட்டிய கடைகளில் வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான், பலகை இல்லாத யாழ்ப்பாணம் ஒன்று இருப்பது தெரிந்தது.

பெண்கள் வாட்டில் இரவில் ஆண்கள் நிற்க முடியாது. ஹோட்டல்களில் விசாரித்தேன்; வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே கட்டியவை போலிருந்தன. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறை கிடைத்தது. குளியல் கிணற்றடியில். மனைவியின் கையில் சேலைன் ஏற்றியிருந்ததால் முன்பக்கம் பொத்தான் வைத்த நீளச் சட்டை, சோட்டி, வேண்டும் என்றார்கள். பெரிய கடைகளில் காட்சிப் பொம்மைக்குப் போட்டிருந்த பகட்டுச் சட்டைகளைத்தான் காட்டினார்கள். வீட்டுக்காரர் சொன்ன தையல்காரி தன் விறாந்தையிலேயே தைத்து விற்றாள். ஆஸ்பத்திரி என்றதும் சட்டைக் கைகளைத் தளர்த்தியும் தந்தாள்.

சாப்பாடுதான் பெரும் பாடு. சாப்பிட்டு உடம்பு கொஞ்சம் தேறினால்தான் ஒப்பரேசன் செய்யலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவளோ பார்சலைப் பிரிக்கும்போதே குற்றம் கண்டுபிடிக்கிறவள்.

"உந்தப் பார்சலை நீங்களே சாப்பிடுங்கோ" என்று தள்ளிவிடுவாள். எனக்குக் கோபம் வரும். பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது.

ஒரு காலை இடியப்பம் அவியும் மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குசினி வாசலில் போய் நின்றேன். அங்கே ஒரு பெண் அயலவர்களுக்கு மட்டும் அவித்து விற்றுக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு அண்ணை?"

"மனிசிக்கு. ஆஸ்பத்திரியிலை."

மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பச்சைமிளகாய் போடாமல் தேங்காய்ப்பாலில் புறம்பாக ஒரு சொதி வைத்து, தன்னுடைய தூக்குச்சட்டியிலேயே ஊற்றித் தந்தார்.

என் மனைவி சாப்பிட்டாள். "உது கடைச்சொதி இல்லை" என்றாள். அன்று ஒழுங்கை முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு ஒவ்வொரு காலையும் போனேன். சட்டியை வாங்கிக்கொண்டு "போட்டு வாறன்" என்று, மறுபடி வருவதாகச் சொல்லி விடைபெறுவேன். "ஓம் அண்ணை, வாங்கோ" என்பார். என் மனைவியின் கன்னம் கொஞ்சம் தேறியதாகத் தெரிந்தது. ஒப்பரேசனுக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு முதல்நாள் விடியற்காலை அவள் போய்விட்டாள். நெஞ்சு தாங்கவில்லை என்றார்கள்.

அவளை ஊருக்குக் கொண்டுபோக வான் வண்டி வரும்வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது மட்டும் மண்டையில் நின்றது. குசினி வாசலுக்குப் போனேன். அவர் வழக்கம்போலச் சட்டியை வாங்கிச் சொதியை ஊற்றி, இடியப்பத்தைச் சுற்றத் தொடங்கினார்.  சட்டியை அங்கேயே விட்டு, "போட்டு வாறன்" சொல்லாமல் திரும்பி நடந்தேன். செத்தவீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. எங்கள் பக்கத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டியும் பொட்டலமுமாக வாசல் படலைவரை ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, இதைக் கொண்டுபோங்கோ. உங்கடை வீட்டிலை இண்டைக்கு அடுப்பு எரியாது."

"சட்டி..." என்றேன்.

"அது உங்களிட்டை இருக்கட்டும்."

ஆஸ்பத்திரி மதிலோரம் குந்தியிருந்து பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிடலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. அவளுக்குக் குறைந்துவிடும் என்று இத்தனை நாளும் நான் அதில் ஒரு வாய்கூட எடுத்ததில்லை. சொதியில் உறைப்பே இல்லை. அவளுக்கென்று வைத்தது.