லாரி மண்ணில் கட்டிய அறை

கோரிமேட்டுச் சரிவில் நான் வாங்கிய மனையில் மேல்பாதி கெட்டியான செம்மண், கீழ்பாதி பள்ளம். பள்ளத்தில் லாரி லாரியாக மண் கொட்டி மட்டமாக்கினேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் என் தங்கை, வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போயிருந்தாள். மண் கொட்டிய பக்கத்தில் வரும் அறை அவளுக்கு என்று சொல்லியிருந்தேன்.

மேஸ்திரி கடப்பாரையால் குத்திப் பார்த்தார். அது சோற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது.

"சார், இது இன்னும் தூங்காத மண்ணு. ரெண்டு மழ குடிச்சி அடங்கட்டும். இல்லன்னா பழைய மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல மேஸ்திரி. ஆடி பொறக்கறதுக்குள்ள கடைக்கால் போட்டாவணும்."

"ஆடி நமக்குத்தான் சார். மண்ணுக்கு ஏது ஆடி, ஆவணி?"

அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. டீக்கடையில் பத்து பேரிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் கேட்கவில்லை. வீடு முழுக்க ஒரே ஆழம், மூன்றடிதான் தோண்டச் சொன்னேன்.

தங்கை குடிவந்த முதல் ஐப்பசி மழையிலேயே அவள் அறை கீழே இறங்கியது. சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு விட்டு, கதவு மூடாமல் போயிற்று. என் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

"இடிச்சிட்டு ஆழமா தோண்டிக் கட்டித் தர்றேன்மா, இரு" என்றேன்.

அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லண்ணா. வாடக வூடு எனக்குப் பழக்கந்தான? நீ ஒடம்பப் பாத்துக்க."

என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.