முதுகுக்குப் பூசிய லண்டன் கிறீம்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு, அத்தான் — அக்காவின் கணவர் — கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எங்கள் பிளற்றைத் தேடி வந்தார். ஒரு கையில் லட்டுப் பெட்டி. மறு கையில் கைப்பேசி; அதில் பயொப்ஸி ரிப்போர்ட்.

இரண்டு வருடமாக அவர் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, சிவந்த திட்டுகள். எக்ஸிமா என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புதிதாகப் பார்த்த தோல் டொக்டருக்கு மட்டும் சந்தேகம். ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் எக்ஸிமா போலவே இருக்குமாம். அதனால் சிறு துண்டுத் தோலை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க அனுப்பினார்.

'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அத்தான் வரும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துவிட்டார்.

நான் லட்டை எடுக்கவில்லை. ரிப்போர்ட்டை இரண்டாம் முறை வாசித்தேன். இரண்டு வருடத் திட்டிலிருந்து எடுத்த தோல். புற்றுநோய் இல்லையென்றால் எக்ஸிமாவாவது தெரிய வேண்டாமா? எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்?

எழுத வருவதற்கு முன் நான் பதினொரு வருடம் பொரளையில் ஒரு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தவள். இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

தோல் துண்டை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவோம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அது மிதக்கும். கண்ணாடி ஸ்லைட்டை அடியில் கொடுத்து, கை நடுங்காமல் ஏந்த வேண்டும். யாருடையது சுருக்கமில்லாமல் வருகிறது என்று எனக்கும் கூட வேலை செய்த ரிஸ்வானாவுக்கும் தினமும் போட்டி. பெரும்பாலும் அவள்தான் வெல்வாள். நான் வென்ற நாட்களை மட்டும் டயரியில் குறித்திருக்கிறேன்!

பிறகு சாயம். ஊதாவும் ரோஸும். விரல்நுனியில் பிடித்த ரோஸ் இரண்டு நாள் போகாது. மருதோன்றி என்று நினைத்து, வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

எங்கள் பெரிய டொக்டர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால், பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை படியும். எக்ஸிமாவிலும் வெள்ளணுக்கள் தோலுக்குள் வரும். அந்தப் புற்றுநோயிலும் வரும். ஆனால் புற்றுநோயில் அவை மேல்தோலின் அடிவிளிம்பில் வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கும். இரண்டுமே இல்லாத ஸ்லைட் வந்தால் டொக்டர் போனை எடுப்பார். வார்டுக்கு அடித்து ஒரே கேள்வி: "என்ன பூசினது?" ஸ்டீரொய்ட் கிறீம் பூசினால் அந்த அணுக்கள் கலைந்துவிடும், பார்க்க வேண்டியது பார்வைக்குத் தப்பிவிடும். பதில் கிடைக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதை நான் கண்டதில்லை.

இப்போது ரிப்போர்ட் நேரே கைப்பேசிக்கே வருகிறது... கேள்வி வருவதில்லை.

அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டேன்.

"ஒண்டும் பூசேல்லை பிள்ளை," என்றார் அத்தான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அத்தான், என்ன பூசினனீங்கள்?"

மெல்ல மெல்ல வந்தது. லண்டனிலிருந்து மகள் அனுப்பிய ஸ்டீரொய்ட் கிறீம். பயொப்ஸிக்கு முந்திய பத்து நாளும், காலையும் மாலையும்.

"அந்தக் கோலத்தோட டொக்டருக்கு எப்பிடி முதுகைக் காட்டுறது? கொஞ்சம் வடிவாக் கிடக்கட்டும் எண்டுதான்..."

விருந்தாளிக்காக வீடு கூட்டுவதுபோல முதுகைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்! அதுவும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய ஒருவரிடம்.

டொக்டரிடம் இதைச் சொல்லி, திரும்பப் பயொப்ஸி எடுக்க வேண்டும் என்றேன். அத்தானுக்குக் கோபம் வந்தது.

"நீர் லாப்பில வேலை செய்தனீர் எண்டதுக்காக, எனக்கு இல்லாத நோய் வருத்தத்தைக் கொண்டு வராதையும்."

லட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். மறுநாளே அவள் அத்தானை டொக்டரிடம் கூட்டிப்போய், கிறீமையும் மேசையில் வைத்தாள். நாலு கிழமை எதுவும் பூசக்கூடாது என்றார் டொக்டர். திட்டுகள் பழைய நிறத்துக்குத் திரும்பின. இரவும் பகலும் சொறிச்சல். அத்தான் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

இரண்டாவது முறை இரண்டு இடத்தில் எடுத்தார்கள். கிறீம் விபரத்தைப் படிவத்தில் எழுதியும் அனுப்பினார்கள்.

புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டம், தோலோடு நிற்கிறது. ஒளிச் சிகிச்சையால் கட்டுப்படுத்தலாம் என்று டொக்டர் நம்பிக்கை சொன்னார்.

அன்று மாலை அத்தான் போன் எடுத்தார். ஒளிச் சிகிச்சைக்கு வரச்சொன்ன நாட்களைச் சொன்னார். பிறகு, "முதல் ரிப்போர்ட்டோட நான் சந்தோஷமா இருந்திருப்பன், என்ன?" என்றார். ஓம் என்றேன்.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் சிகிச்சை. திட்டுகள் மங்கி வருகின்றன. போன கிழமை முதுகு நிறையப் பவுடர் போட்டுக்கொண்டு போனாராம். பவுடர் ஒளியை மறைக்கும் என்று நேர்ஸ் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டாராம்.

பவுடர் டின் இனி அக்காவின் பொறுப்பு.